முப்பத்தெட்டாவது பெட்டி

பிரேமர்ஹாஃபென் துறைமுகத்துக் காற்று
யாருடைய கையெழுத்துக்கும் காத்திருப்பதில்லை.
ஒன்பதாம் கிடங்கின் கதவைத் தோளால் தள்ளிச் சாத்திவிட்டு
ஃபிரௌகெ ட்யார்க்ஸ்
கையுறையைப் பல்லால் கடித்து இழுக்கிறாள்.

முன்னால் நிற்கிறது அது.
இடுப்பளவு உயரம், பைன் மரச் சட்டம், நாலு கால்.
இழுப்பறை இருக்கவேண்டிய மூன்று இடத்திலும்
ஆகாயத்தாமரைத் தண்டை முறுக்கிப் பின்னிய கூடை.
கைப்பிடி கிடையாது.
விரல் நுழைய முகப்பில் ஒரு வாய்.

மரச்சாமான் என்றால் தொண்ணூற்று நான்காம் அத்தியாயம்,
தீர்வை இல்லை.
கூடை என்றால் நாற்பத்தாறு,
அங்கே கொஞ்சம் கட்டவேண்டும்.
இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தால் விதி கேட்கும்
(சுங்க விதிதான், மற்றது இல்லை):
எது இதற்கு உயிர்?

முகவர் வ்யூப்பென் பெப்பர்மின்ட்டைக் கன்னத்தில் ஒதுக்கி
'எடை போட்டுப் பாருங்களேன்' என்கிறார்.
போட்டாள்.
சட்டம் பதினொன்றே கால் கிலோ.
கூடை மூன்றும் சேர்ந்து இரண்டு சொச்சம்.
எடையா உயிர்?

கூடைகளை உருவித் தரையில் வைத்தாள்.
சட்டம், ஏணி மாதிரி நின்றது,
ஏறினால் எங்கும் போகாத ஏணி.
கூடைகள் அப்போதும் கூடைகள்தான்.
உருளைக்கிழங்கு கொட்டலாம்,
ஒற்றைக் காலுறைகளைப் போட்டு மறந்துவிடலாம்.

'க்' என்று எழுதிவிட முடிகிறது.
அதை மட்டும் சொல்லிப் பாருங்கள்,
தொண்டையில் நின்றுகொள்ளும்.
அகரம் தனியாகவே ஒலிக்கும்,
ஆனால் ஒரு சொல்லுக்குள் உட்கார
அதற்கும் இடம் வேண்டியிருக்கிறது.

திரும்ப உள்ளே தள்ளினாள்.
மூன்றும் உரசிக்கொண்டு போய்ப் பொருந்தின.
க.
மரச்சாமான் என்று எழுதினாள்.

வ்யூப்பென் குடையை எடுத்துக்கொண்டார்.
அத்தோடு முடிந்திருக்கும்,
வியட்நாமில் எவரோ தாராளம் காட்டாமல் இருந்திருந்தால்.

அலமாரி இருநூறு.
ஒன்றுக்கு மூன்றாக அறுநூறு கூடை போதும்.
வந்திருப்பது அறுநூற்று நாற்பது.
'பிய்ந்தால் மாற்றிக்கொள்ளத்தான்' என்கிறார்,
குடையைத் திரும்பச் சாய்த்து வைத்தபடி.

அலமாரி இல்லாத நாற்பது
இழுப்பறை ஆகாது.
ஒன்றோடும் சேராமல், ஆய்த எழுத்துப் போல.
கூடை. நாற்பத்தாறாம் அத்தியாயம்.
தீர்வை ஒரு மதியச் சாப்பாட்டுக்கு ஆகும், அவ்வளவுதான்.

ஆனால் எந்த நாற்பது?

பெட்டிக்குப் பதினாறு. நாற்பது பெட்டி.
முதல் முப்பத்தேழும் இழுப்பறை.
கடைசி இரண்டும் கூடை.
இடையில் ஒன்று,
அதற்குள் எட்டு இழுப்பறை, எட்டு கூடை.

எண்ணை எழுதினால் போதும்,
எது எதுவென்று எந்த மேலதிகாரியும் கேட்கப்போவதில்லை.
இருந்தும் நாடாவைக் கிழித்தாள்.
பதினாறும் அவளை அண்ணாந்து பார்த்தன.
ஈரம் வாங்கிய வைக்கோல் வாசம்.
ஒரே முறுக்கு, ஒரே வாய்,
ஒன்றில் மட்டும் தண்டு முனை வெட்டப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தது.
அதைச் சுண்டிவிட்டாள்.
சாக்குக்கட்டியால் மேல் எட்டில் கோடு போட நினைத்து
சாக்குக்கட்டியைப் பையிலேயே வைத்துக்கொண்டு
'மேலே இருப்பவை கூடை' என்றாள்.
'ஏன் மேலே இருப்பவை?'
'கைக்கு எட்டியது.'

செஃபர் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு வந்தான்.
பெட்டி சரியாக மூடவில்லை என்று
எல்லாவற்றையும் வெளியே எடுத்து
நீட்டியதைக் கீழே, நசுங்கியதை நடுவில்,
வந்த வாக்கில் அடுக்கி
முழங்காலால் அழுத்தி ஒட்டினான்.

வ்யூப்பென்னின் வாயில் பெப்பர்மின்ட் உருளும் சத்தம் நின்றது.
அவர் அவளைப் பார்த்தார்.
அவள் பெட்டியைப் பார்த்தாள்.
வெளியே கடற்காகங்கள் எதற்கோ அடித்துக்கொண்டன.

அறைக்கு வந்து கோப்பையில் கற்கண்டைப் போட்டு
கொதிக்கும் தேநீரை ஊற்றினாள்.
அது மெல்ல விரிசல்விட்டது.
படிவத்தில் 40 என்று எழுதினாள்.
பக்கத்தில், யாரும் கேட்காமலே,
நாற்பது என்று எழுத்தாலும்.